மாற்று மூட்டு உள்ள காலில் எலும்பு முறிந்தால்...

எந்தத் தெருவை எடுத்துக்கொண்டாலும் இன்று மூட்டு மாற்று ஆபரேஷன் செய்துகொண்ட பெரியவர் ஒருவராவது இருக்கிறார். கல்யாணப் பந்தியில் பக்கத்தில் உட்காரும் பெரியம்மா, "எனக்கு ரெண்டு முட்டியும் மாத்தியாச்சும்மா" என்று வளையல் மாற்றிய விவரம் சொல்வதுபோலச் சொல்கிறார். சந்தோஷமான விஷயம்தான். பத்து வருஷமாகக் கோயில் படி ஏறாதவர்கள் இப்போது ஏறுகிறார்கள்.

ஆனால் ஒன்றை மட்டும் நாம் பேசிக்கொள்வதில்லை. அந்த மாற்று மூட்டு இருக்கிற காலிலேயே எலும்பு முறிந்துவிட்டால் என்ன செய்வது? மூட்டு மாற்றியவர்களில் பெரும்பாலோர் வயதானவர்கள். வயதான எலும்புக்கு மாடியிலிருந்து விழ வேண்டும் என்பதில்லை. நின்ற இடத்தில் வழுக்கி விழுந்தாலே போதும். பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. தெரிந்து வைத்துக்கொண்டால் அந்த நேரத்தில் கை கால் உதறாமல் சரியானதைச் செய்யலாமே என்றுதான் சொல்கிறேன்.

"என் கையில் இருப்பது ஆறு மாதக் குழந்தை, இதெல்லாம் எனக்கெதற்கு?" என்று இளம் தாய்மார்கள் பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். பகலில் மாமியாரோடோ அம்மாவோடோ வீட்டில் இருப்பது பல வீடுகளில் நீங்கள்தான். அவர்கள் விழுந்தால் முதலில் ஓடி வரப்போவதும் நீங்கள்தான்.

இது ஏன் வேறு மாதிரி முறிவு?

இங்கிலாந்தில் ரைட்டிங்டன் ஆஸ்பத்திரியில் ஜான் சார்ன்லி என்ற டாக்டர் 1962-இல் இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷனை இன்றைய முறைக்குக் கொண்டுவந்தார். உலோகப் பந்து ஒன்று, அது உட்கார பிளாஸ்டிக் கிண்ணம் ஒன்று. பந்தைத் தாங்கும் உலோகத் தண்டு தொடை எலும்பின் உள்குழிக்குள் இறங்கியிருக்கும். அதைப் பிடித்துக்கொள்ள எலும்பு சிமென்ட். இன்று சிமென்ட் இல்லாமல், எலும்பே வந்து பிடித்துக்கொள்ளும்படியான தண்டுகளும் உண்டு. முழங்கால் மூட்டு மாற்றும்போது தொடை எலும்பின் கீழ் முனைக்கு உலோக மூடி போடுகிறார்கள். அதற்குக் கீழே உள்ள எலும்பின் தலையில் உலோகத் தட்டு வைக்கிறார்கள். நடுவில் பிளாஸ்டிக்.

ஒரு மூங்கிலுக்குள் பாதி தூரத்துக்கு இரும்புக் கம்பியைச் செருகி வளைத்துப் பாருங்கள். கம்பி இருக்கிற இடம் அவ்வளவாக வளையாது. கம்பி முடிகிற இடத்தில் 'படக்'கென்று முறியும். மாற்று மூட்டு உள்ள எலும்பும் அப்படித்தான். உலோகம் முடிந்து வெறும் எலும்பு தொடங்கும் இடத்தில் பாரம் போய்ச் சேர்கிறது. விழும்போது பல சமயம் அந்த இடத்தை ஒட்டித்தான் எலும்பு விட்டுக்கொடுக்கிறது.

சாதாரணமாகத் தொடை எலும்பு முறிந்தால் அதன் உள்குழிக்குள் நீளமான ஆணி ஒன்றைச் செலுத்தி இரண்டு துண்டையும் சேர்த்து நிறுத்துவார்கள். இங்கே அந்தக் குழியில் ஏற்கெனவே மூட்டின் தண்டு உட்கார்ந்திருக்கிறது. திருகாணி போட்டு முடுக்கலாம் என்றால் அதுவும் உலோகத்தில் போய் இடிக்கும். இதோடு எலும்பும் மெலிந்திருக்கும். அதனால்தான் இது எல்லா எலும்பு டாக்டர்களும் தினமும் செய்கிற வேலை அல்ல. எலும்பு முறிவும் தெரிந்து, மூட்டு மாற்றும் தெரிந்த டாக்டரின் கை வேண்டும்.

விழுந்த உடனே...

விழுந்த பிறகு காலில் சுருக்கென்று வலி, வீக்கம், காலை ஊன்ற முடியாமை, ஒரு கால் இன்னொன்றைவிடக் குட்டையாகத் தெரிவது, பாதம் வெளிப்பக்கமாகச் சாய்ந்து கிடப்பது... இவற்றில் எது இருந்தாலும் முறிவு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

தூக்கி நிறுத்தி, "எங்கே நடங்க பார்க்கலாம்" என்று சோதிக்காதீர்கள். எண்ணெய் தேய்த்து உருவாதீர்கள். சுளுக்கு எடுக்க யாரையும் கூப்பிடாதீர்கள். முறிந்த துண்டு நகர்ந்தால் உள்ளே ரத்தக் குழாயையும் நரம்பையும் கிழித்துவிடும்.

கால் இருக்கிற நிலையிலேயே இரண்டு பக்கமும் தலையணையோ மடித்த போர்வையோ வைத்து, வேட்டித் துணியால் தளர்வாகக் கட்டுங்கள். ஆடாமல் இருந்தால் போதும். தோல் கிழிந்து ரத்தம் வந்தால் சுத்தமான துணியை மேலே வைத்து அழுத்துங்கள். 108-க்குப் போன் செய்யுங்கள். ஆட்டோவில் மடக்கி உட்கார வைப்பதைவிட ஆம்புலன்ஸ் ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்துப் போவது மேல்.

பதற்றத்தில் காபி, டீ, சோடா கொடுப்பது நம் வழக்கம். வேண்டாம். ஆபரேஷன் தேவைப்பட்டால் மயக்க மருந்துக்கு வயிறு காலியாக இருக்க வேண்டும். சர்க்கரை வியாதிக்காரராக இருந்தால், கடைசியாக எப்போது சாப்பிட்டார், எந்த மாத்திரை போட்டார் என்று ஆம்புலன்ஸில் வருபவரிடமே சொல்லிவிடுங்கள்.

கட்டுப் போட்டால் ஆறிவிடாதா?

இந்தக் கேள்வி எங்கள் வீட்டிலேயே எழுந்தது. என் மாமியாருக்கு 76 வயது. வலது முழங்கால் மூட்டு மாற்றி 9 வருஷம் ஆகியிருந்தது. கொல்லையில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் சோப்புத் தண்ணீரில் வழுக்கி விழுந்தார். முழங்காலுக்கு நாலு விரற்கடை மேலே தொடை எலும்பு முறிந்துவிட்டது. பக்கத்து ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்து, காலை அசையாமல் கட்டி, "பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க" என்றார்கள்.

அதற்குள் சொந்தக்காரர்கள் கூடிவிட்டார்கள். "இந்த வயசுல இன்னொரு ஆபரேஷனா? நாட்டு வைத்தியர்கிட்ட பச்சிலைக் கட்டுப் போட்டா ஆறு வாரத்துல கூடிடும்" என்றார் பெரிய நாத்தனார். கொழுந்தனாருக்கும் அதே எண்ணம். அவர்களைக் குறை சொல்ல முடியாது. சின்ன வயதில் மரத்திலிருந்து விழுந்து கையை முறித்துக்கொண்டு, மூங்கில் பத்தையும் முட்டை வெள்ளைக்கருவும் வைத்துக் கட்டிய கட்டிலேயே சரியானவர் கொழுந்தனார். அந்த நம்பிக்கை லேசில் போகுமா?

ஆனால் குழந்தையின் கை எலும்பு வேறு, உள்ளே உலோகம் இருக்கிற பாட்டியின் தொடை எலும்பு வேறு. தொடையின் தசைகள் மிகவும் பலமானவை. முறிந்த துண்டுகளை அவை இழுத்துக்கொண்டே இருக்கும். வெளியே போடும் கட்டு அதைத் தடுக்க முடியாது. எலும்பு கோணலாகக் கூடும், இல்லாவிட்டால் கூடவே கூடாது. மூட்டு உள்ளே தளர்ந்திருந்தால் அதை எந்தக் கட்டும் இறுக்கித் தராது.

அதைவிடப் பெரிய ஆபத்து படுக்கை. இந்த வயதில் மாதக்கணக்கில் அசையாமல் படுத்தால் முதுகில் படுக்கைப் புண் வரும். நெஞ்சில் சளி கட்டி நிமோனியா ஆகும். காலில் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போய் அடைக்கும். பல பெரியவர்களின் உயிரைக் கொண்டு போவது முறிவு அல்ல, அதன்பின் வரும் படுக்கைதான்.

எல்லோரும் பேசி ஓய்ந்த பிறகு மாமியாரே வாயைத் திறந்தார். "எனக்கு வலியப் பத்திப் பயமில்லடா. பாத்ரூமுக்கு நானே போகணும். அதுக்கு எது வழியோ அதைப் பண்ணுங்க. படுக்கையில மட்டும் போட்டுடாதீங்க" என்றார். அதற்குமேல் யாரும் பேசவில்லை. அன்று ராத்திரியே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம்.

டாக்டரின் முதல் கேள்வி

இந்த வைத்தியம் முழுவதும் ஒரே ஒரு கேள்வியில் நிற்கிறது. உள்ளே இருக்கும் மூட்டு உறுதியாகப் பிடித்திருக்கிறதா, ஆடுகிறதா? இதற்குப் பதில் தெரியாமல் எலும்பை மட்டும் சேர்த்து வைத்தால், கரையான் அரித்த நிலைவாசலுக்குப் புதுக் கதவு மாட்டிய கதைதான்.

கனடாவின் வான்கூவர் நகரத்து டாக்டர்கள் 1995-இல் இடுப்பு மூட்டைச் சுற்றி வரும் தொடை எலும்பு முறிவுகளை மூன்றாகப் பிரித்தார்கள். அந்த ஊரின் பெயராலேயே அந்த முறையை இன்றும் உலகம் முழுக்கச் சொல்கிறார்கள்.

தொடை எலும்பின் மேல் முனையில் உள்ள மேடுகள் மட்டும் முறிந்தால் 'ஏ' வகை. அதிகம் விலகாமல் இருந்தால் வாக்கர் வைத்து ஜாக்கிரதையாக நடந்தே ஆறிவிடுவதுண்டு.

தண்டைச் சுற்றியோ, தண்டின் நுனியை ஒட்டியோ முறிந்தால் 'பி' வகை. இதற்குள் மூன்று பிரிவு. தண்டு உறுதியாக இருந்தால் அதைத் தொடமாட்டார்கள். எலும்பின் மேல் நீளத் தகடு வைத்து, தண்டு இல்லாத இடத்தில் திருகாணியும், தண்டு இருக்கிற இடத்தில் விறகுக்கட்டைக் கயிற்றால் கட்டுவதுபோல உலோகக் கம்பி வடமும் போட்டு இறுக்குவார்கள். தண்டு தளர்ந்து எலும்பு நன்றாக இருந்தால், பழைய தண்டை எடுத்துவிட்டு முறிவைத் தாண்டிப் போகும் நீளத் தண்டாகப் போடுவார்கள். தண்டும் தளர்ந்து எலும்பும் சொத்தையாக இருந்தால்தான் வேலை பெரிது. தானமாகப் பெற்றுப் பாதுகாத்த எலும்பை வைத்துப் பலப்படுத்துவார்கள். அல்லது கெட்டுப்போன எலும்புப் பகுதியையே எடுத்துவிட்டு அந்த இடத்துக்கும் உலோகம் வைப்பார்கள்.

தண்டுக்கு வெகு கீழே முறிந்தால் 'சி' வகை. அதைப் பெரும்பாலும் தகடு வைத்துச் சேர்ப்பார்கள். தகட்டைத் தண்டின் நுனியையும் தாண்டி மேலே கொண்டு போவது வழக்கம். இரண்டு உலோகத்துக்கும் நடுவில் கொஞ்சம் வெற்று எலும்பை விட்டால் அடுத்த முறிவு அங்கே வரும்.

மூட்டு ஆடுகிறதா என்பதை எக்ஸ்ரே மட்டும் சொல்லிவிடாது. சில சமயம் சி.டி. ஸ்கேனும் எடுப்பார்கள். நாம் சொல்லும் விவரமும் உதவும். "விழுவதற்கு முன்னாலேயே தொடையில் வலி இருந்ததா? உட்கார்ந்து எழுந்து முதல் நாலு அடி வைக்கும்போது வலித்ததா?" என்று கேட்பார்கள். இருந்தது என்றால் மூட்டு முன்பே தளர்ந்திருக்கலாம். சீழ் பிடித்தும் மூட்டு தளர்வதுண்டு. அதனால் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. என்று ரத்தப் பரிசோதனை செய்வார்கள். சந்தேகம் இருந்தால் மூட்டிலிருந்து நீர் எடுத்தும் பார்ப்பார்கள். "எலும்புக்கு எதுக்கு இத்தனை டெஸ்ட்?" என்று சலித்துக்கொள்ளாதீர்கள்.

முழங்கால் மூட்டு மாற்றியவர்களுக்கு

முழங்கால் மூட்டில் அதிகம் முறிவது அதற்கு மேலே உள்ள தொடை எலும்பின் கீழ்ப்பகுதி. கீழே உள்ள எலும்பு முறிவது அதைவிடக் குறைவு. முட்டிச் சில்லு முறிவதும் உண்டு. சில்லில் உள்ள பாகம் தளராமல், காலை நீட்டித் தூக்க முடிந்தால் பெரும்பாலும் ஆபரேஷன் இல்லாமலே விட்டுவிடுவார்கள்.

தொடை எலும்பு முறிந்து மூட்டு உறுதியாக இருந்தால் இரண்டு வழி உண்டு. ஒன்று, பக்கவாட்டில் தகடு. இப்போது வரும் தகடுகளில் திருகாணியின் தலை தகட்டோடேயே பூட்டிக்கொள்ளும். மெலிந்த எலும்பிலும் நெகிழாமல் நிற்க இது உதவுகிறது. இன்னொன்று, முழங்கால் வழியாக மேல்நோக்கிச் செலுத்தும் ஆணி. சில இடங்களில் இரண்டையும் சேர்த்தும் போடுகிறார்கள். மூட்டு தளர்ந்துவிட்டாலோ, திருகாணி பிடிக்கக்கூட எலும்பு இல்லாமல் நொறுங்கிவிட்டாலோ, தொடை எலும்பின் கீழ்ப்பகுதியோடு சேர்த்து மூட்டையே மாற்றுவார்கள்.

இங்கேதான் நம் பீரோவில் இருக்கும் காகிதத்துக்கு வேலை வருகிறது. மாற்று மூட்டில் பல மாடல்கள் உண்டு. சிலவற்றில் தொடை எலும்பின் மூடிக்கு நடுவே இடைவெளி இருக்கும்; அதன் வழியாக ஆணியைச் செலுத்தலாம். சிலவற்றில் அந்த இடம் உலோகத்தால் மூடியிருக்கும்; ஆணி போகாது. இது எக்ஸ்ரேயில் எப்போதும் தெளிவாகத் தெரியாது. மாடல் பெயர் தெரிந்தால் டாக்டருக்கு நிமிஷத்தில் தெரிந்துவிடும். ஒரு பாகத்தை மட்டும் மாற்ற வேண்டியிருந்தாலும் அதே கம்பெனி, அதே அளவு வேண்டுமே!

என் மாமியார் அந்த விஷயத்தில் கெட்டிக்காரர். மூட்டு மாற்றியபோது கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரி, பழைய எக்ஸ்ரே எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு, அரிசிக் குதிருக்குப் பின்னால் ஆணியில் மாட்டி வைத்திருந்தார். டாக்டர் அதைப் புரட்டி, மூட்டின் ஸ்டிக்கர் ஒட்டியிருந்த பக்கத்தில் விரலை வைத்தார். "நல்லா வச்சிருக்கீங்க பாட்டிம்மா. இது மூடின மாடல். ஆணி போகாது. தகடுதான் போடணும். மூட்டு கெட்டியா இருக்கு, அதைத் தொட வேண்டாம்" என்றார். தேவையான தகடு வந்து சேர ஒரு நாள் ஆயிற்று. மூன்றாம் நாள் ஆபரேஷன் நடந்தது.

ஒரு நாள் இரண்டு நாள் இப்படித் தள்ளிப் போவதை அலட்சியம் என்று நினைத்துவிடக் கூடாது. சரியான சாமான் கையில் இல்லாமல் தொடங்குவதுதான் ஆபத்து. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அதைச் சமாளிக்கவும் நேரம் வேண்டும். ஆனால் காரணம் இல்லாமல் நாள் கடத்துவதும் நல்லதல்ல. என்ன காரணம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

டாக்டரிடம் கேட்க வேண்டியவை

டாக்டரைக் கண்டதும் நமக்குக் கேள்வியெல்லாம் மறந்துபோகும். இந்த ஐந்தையும் ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள்.

1. உள்ளே இருக்கும் மூட்டு உறுதியாக இருக்கிறதா, தளர்ந்திருக்கிறதா?

2. தகடா, ஆணியா, மூட்டையே மாற்றுவதா? எங்கள் வீட்டுப் பெரியவருக்கு ஏன் அந்த வழி?

3. மாற்றிய மூட்டைத் திரும்ப மாற்றும் ஆபரேஷன் இங்கே செய்கிறீர்களா, வேறு இடத்துக்குப் போக வேண்டுமா?

4. ஆபரேஷனுக்குப் பிறகு எந்த நாளிலிருந்து, எவ்வளவு பாரம் காலில் போடலாம்?

5. எலும்பு மெலிவுக்குப் பரிசோதனையும் மருந்தும் எப்போது தொடங்கலாம்?

செலவைப் பற்றியும் தயங்காமல் கேளுங்கள். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால், அந்த ஆஸ்பத்திரியில் இந்த ஆபரேஷனுக்குச் செல்லுமா என்று முதலிலேயே விசாரித்துவிடுங்கள். சென்னை ராஜீவ் காந்தி அரசு ஆஸ்பத்திரி, மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரி போன்ற பெரிய அரசு ஆஸ்பத்திரிகளில் எலும்பு மருத்துவத்துக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது.

ஆபரேஷனே இல்லாமல் ஆறுவது உண்டா என்றால், உண்டு. முறிவு கொஞ்சமும் விலகாமல், மூட்டும் உறுதியாக இருந்தால் சிலருக்கு அப்படி விடுவார்கள். இதயமோ நுரையீரலோ ஆபரேஷனைத் தாங்காது என்றாலும் அப்படித்தான். ஆனால் அதை எக்ஸ்ரே பார்த்து டாக்டர் தீர்மானிக்க வேண்டும். கூடியிருக்கும் சொந்தக்காரர்கள் தீர்மானிக்கக் கூடாது.

வீட்டுக்கு வந்த பிறகு

ஆபரேஷன் முடிந்த மறுநாளே உட்கார வைப்பார்கள். "தகடு வச்ச காலை அதுக்குள்ள அசைக்கலாமா?" என்று நமக்குத்தான் பதறும். அசைப்பதற்காகத்தான் தகடு. எவ்வளவு பாரம் போடலாம் என்பது ஆளுக்கு ஆள் மாறும். மூட்டையும் எலும்பையும் சேர்த்து மாற்றியவர்களைச் சீக்கிரமே முழுப் பாரம் போட்டு நடக்கச் சொல்வதுண்டு. தகடு வைத்தவர்களை, எலும்பு கூடும் வரை வாக்கரில் பாரத்தைக் குறைத்து நடக்கச் சொல்லலாம். எலும்பு கூட மூன்று மாதத்துக்கு மேலேயும் ஆகலாம். பக்கத்து வீட்டுப் பெரியவர் பத்தாம் நாளே நடந்தார் என்று ஒப்பிட்டு அவசரப்படுத்தக் கூடாது.

படுத்திருக்கும் நேரத்தில் பாதத்தை மேலும் கீழும் ஆட்டச் சொல்லுங்கள். மணிக்கொரு தரம் பத்துத் தடவை. ரத்தம் உறையாமல் இருக்க இது உதவும். இரண்டு மணிக்கொரு முறை பக்கம் திருப்பிப் படுக்க வையுங்கள். முதுகும் குதிகாலும் சிவந்திருக்கிறதா என்று தினமும் பாருங்கள்.

ஆபரேஷனுக்குப் பிறகு சில பெரியவர்கள் ராத்திரியில் சம்பந்தமில்லாமல் பேசுவார்கள், நம்மையே யார் என்று கேட்பார்கள். டாக்டரிடம் சொல்லுங்கள். ஆனால் மூளை குழம்பிவிட்டது என்று அழ வேண்டாம். பெரும்பாலும் சில நாளில் தெளிந்துவிடும். அவர்களுடைய கண்ணாடி, காது மெஷின், பழகிய முகம் ஒன்று பக்கத்தில் இருந்தால் சீக்கிரம் தெளியும். என் மாமியார் இரண்டாம் நாள் ராத்திரி, "மாட்டுக்குத் தண்ணி காட்டினியா?" என்று கேட்டார். மாடு விற்றுப் பதினைந்து வருஷம்! "காட்டிட்டேன் அத்தை, தூங்குங்க" என்றேன். தூங்கிவிட்டார்.

காய்ச்சல், தையலில் சிவப்பு, நீர் அல்லது சீழ் வடிதல், கெண்டைக்கால் வீங்கி வலித்தல் இவை இருந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். திடீரென்று மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ ஒரு நிமிஷமும் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

என் மாமியார் ஆறு வாரம் வாக்கரில் பாதி பாரம்தான் போட்டார். நாலாம் மாதம் எக்ஸ்ரேயில் எலும்பு கூடியிருந்தது. இப்போது கைத்தடி ஊன்றி, தாமே பாத்ரூமுக்குப் போய் வருகிறார். கேட்டது அதைத்தானே!

மறுபடி விழாமல்...

ஒரு தரம் லேசாக விழுந்து முறிந்தது என்றால் எலும்பு மெலிந்திருக்கிறது என்று அர்த்தம். தகடு வைத்ததோடு வைத்தியம் முடிந்துவிடவில்லை. எலும்பு மெலிவுக்கு மாத்திரையும் ஊசியும் இருக்கின்றன. எது, எத்தனை வருஷம் என்று டாக்டர் சொல்ல வேண்டும். தானாக வாங்கிச் சாப்பிடுவதும், தானாக நிறுத்துவதும் கூடாது.

மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஒரு நாளைக்கு 1200 மில்லிகிராம் கால்சியம் வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் சொல்லியிருக்கிறது. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் இருக்கிறது. 200 மில்லி டம்ளர் பாலில் சுமார் 240. எள்ளு, முருங்கைக்கீரை, முள்ளோடு சாப்பிடும் சின்ன மீன் இவற்றிலும் நிறைய. கூடவே பருப்பு, சுண்டல், முட்டை, மோர் வேண்டும். புரதம் இல்லாமல் புண்ணும் ஆறாது, தசையும் ஏறாது. கால்சியம் உடம்பில் சேர வைட்டமின் டி வேண்டும். கொஞ்ச நேரம் வெயிலில் உட்கார வையுங்கள். சிறுநீரகத் தொந்தரவு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொண்டு சாப்பிட வேண்டும்.

வீட்டை ஒரு தரம் பெரியவர்களின் கண்ணால் சுற்றிப் பாருங்கள். படுக்கையிலிருந்து பாத்ரூம் வரை ராத்திரி விளக்கு எரியட்டும். வழுக்கும் கால்மிதியை எடுத்துவிடுங்கள். பாத்ரூம் சுவரில் பிடிக்கக் கம்பியும், உட்காரும் கக்கூஸும் அவசியம். எண்ணெய்க் குளியல் நாளில் தரையில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கக் கூடாது. கோலம் போட்ட ஈரம் காய்ந்த பிறகு வாசலில் இறங்கட்டும். தரையைத் தொடும் நைட்டியின் விளிம்பை மடித்துத் தைத்துக் கொடுங்கள். தூக்க மாத்திரையோ பிரஷர் மாத்திரையோ சாப்பிட்டால் தலை சுற்றுகிறதா என்று கேளுங்கள். இளம் தாய்மார்களே, குழந்தை விளையாடிய கார், பொம்மை, கட்டையெல்லாம் சாயங்காலமே கூடைக்குள் போகட்டும். பாட்டியின் கால் படுவது அதன்மேல்தான்.

ஒரு பை தயார் செய்யுங்கள்

வீட்டில் யாருக்காவது மூட்டு மாற்றியிருந்தால் இந்த வாரமே ஒரு துணிப்பையை எடுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி, மூட்டின் ஸ்டிக்கர் ஒட்டிய காகிதம், ஆபரேஷனுக்குப் பின் எடுத்த எக்ஸ்ரே, இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியல், ஒவ்வாத மருந்தின் பெயர், காப்பீட்டு அட்டையின் நகல் எல்லாம் அதில் இருக்கட்டும். ஸ்டிக்கர் இல்லையென்றால், ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரிக்குப் போய் அந்த விவரத்தை எழுதித் தரும்படி கேளுங்கள். வருஷம் ஆக ஆகப் பழைய ரிக்கார்டு கிடைப்பது கஷ்டம். எல்லாவற்றையும் போனில் போட்டோ எடுத்து வீட்டில் இன்னும் இரண்டு பேருக்கு அனுப்பி வையுங்கள்.

பையை எங்கே மாட்டியிருக்கிறீர்கள் என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கும் தெரிந்திருக்கட்டும். நீங்கள் கடைக்குப் போயிருக்கும் நேரத்தில் அதை எடுத்துக் கொடுக்கப் போவது அந்தப் பிள்ளையாகவும் இருக்கலாம்.